கைப்பிடி இல்லாத நாற்காலி

முட்டி வலி இல்லாத இடத்தில் இருக்கிற என் அன்பு அத்தைக்கு,

செலின் எழுதுகிறேன். இன்றைக்கு உங்கள் வருஷப் பூசை நல்லபடியாக முடிந்தது. ஃபாதர் உங்கள் பெயரை ஆரோக்கியமேரி என்று திருத்தமாகச் சொன்னார். அடக்கப் பூசையில் ஆரோக்கியசாமி என்று சொன்னது போல ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். விழுப்புரத்திலிருந்து உங்கள் மகள் லில்லி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டோம். கடலையை வறுத்து மல்லாட்டைத் துவையலும் அரைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் உப்பு ஒரு கல் கூடிவிட்டது என்று சொல்லியிருப்பீர்கள். கூடித்தான் இருந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோயிலில் போடுகிற பங்கு மலர்ப் பத்திரிகைக்காக, நாற்காலியில் செய்கிற யோகாவின் நன்மைகளை எழுதித் தரும்படி மாதர் சங்கத்துப் பெண்கள் கேட்டார்கள். எட்டாவதோடு நின்ற நான், பழைய பங்கு மலர்களைப் படித்துப் படித்தே எழுதக் கற்றுக்கொண்டவள். மறுக்க மனம் வரவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் உங்களிடமே போய் நிற்கிறது. அதனால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த நாற்காலி வந்த கதை நினைவிருக்கிறதா? கிளியனூரில் ஒரு ஆசாரியிடம் சொல்லி உங்கள் மகன் செய்து வாங்கி வந்தார். நல்ல கனமான மரம், நிமிர்ந்த முதுகு. ஆனால் கைப்பிடி இல்லை. அதைப் பின்னால் வந்து பொருத்தித் தருவதாக ஆசாரி சொன்னாராம். அவர் வரவே இல்லை. “கைய எங்கடா வெக்கிறது? மடியில வெச்சிக்கினு போட்டோ புடிக்கவா குந்தியிருக்கேன்?” என்று மகனை நீங்கள் கேட்டபோது வீடே சிரித்தது.

அந்த நாற்காலியில்தான் உங்கள் கடைசி வருஷம் முழுவதும் கழிந்தது. ஜன்னல் ஓரமாக, கோயில் மைக் சத்தம் காதில் விழுகிற இடத்தில். நீங்கள் போன பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. தூசி தட்டுவேன், துடைப்பேன், அதே இடத்தில் விட்டுவிடுவேன்.

இந்தத் தவக்காலத்தில் என் முட்டியும் மடங்காமல் போனது. சிலுவைப்பாதையில் பாதிக்கு மேல் முழந்தாளிட முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து எழுந்தேன். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். தேய்ந்தது தேய்ந்ததுதான், சுற்றியிருக்கிற சதைக்குப் பலம் கொடுத்தால் வலி குறையும், முட்டி போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். முட்டி போடாதே என்றால் எனக்குப் பாதி ஜெபத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

லில்லி சும்மா விடவில்லை. “அண்ணி, எங்க தெருவுல ஒரு டீச்சர் சொல்லித் தர்றாங்க. எல்லாமே சேர்ல குந்திக்கினே பண்றது. ஜல்தியா கெளம்பி வாங்க” என்றாள்.

“யோகான்னா நம்ம கோயிலுக்கு ஆவுமா லில்லி?”

“கையத் தூக்கறதுக்கும் மூச்சு விடறதுக்கும் இன்னாத்துக்கு அண்ணி பர்மிஷன்?”

எனக்கு மனம் கேட்கவில்லை. ஃபாதரிடமே போய்க் கேட்டேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “பூசை முடிஞ்சதும் நான் அறைக்குள்ள கதவச் சாத்திக்கினு இன்னா பண்றேன்னு நெனச்சீங்க? எனக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்குதும்மா” என்றார். அடுத்த வாரமே விழுப்புரத்துக்குக் கிளம்பினேன்.

விழுப்புரத்தில் ஒரு வீட்டு மாடி, மேலே ஷீட் போட்ட கூரை. டீச்சர் அரசுப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களை நாற்காலியின் முன்பாதியில் உட்காரச் சொன்னார். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். எட்டாதவர்கள் காலடியில் பலகை போட்டுக்கொள்ள வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டே கையை உயர்த்துவது, விட்டுக்கொண்டே இறக்குவது. கணுக்காலைச் சுழற்றுவது. ஒரு காலை நேராக நீட்டிக் கொஞ்சநேரம் நிறுத்துவது. நாற்காலியின் முதுகைப் பிடித்து இடுப்பை மெதுவாகத் திருப்புவது. இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. காலை நீட்டி நிறுத்தியபோது தொடை நடுங்கிய நடுக்கத்தில் சிரிப்பு போய்விட்டது.

வழக்கப்படி நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். டீச்சர் வந்து என் காலைக் கீழே இறக்கிவிட்டார்.

“வலிக்குதா?”

“வலிக்குது டீச்சர். பரவால்ல, தாங்கிக்குவேன்.”

“தாங்கறதுக்கு யாரும்மா சொன்னாங்க? வலிக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடணும். இது ஒண்ணும் நேர்ச்சை இல்ல.”

அவர் நம் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை. நேர்ச்சை என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தாரோ தெரியவில்லை. பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேரும்வரை அந்தச் சொல் என்னை விடவில்லை. வலியைத் தாங்கினால்தான் சாமிக்குப் பிடிக்கும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நான் யாருக்கெல்லாம் சொல்லித் தந்தேன்?

வீட்டில் முதலில் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் செய்து பார்த்தேன். டைல்ஸ் தரையில் அது வழுக்கிக்கொண்டு போனது. கால் விரிந்து விழப் பார்த்தேன். கனமான, அசையாத, கைப்பிடி இல்லாத நாற்காலிதான் சரி என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். அப்படி ஒன்று வீட்டில் இருக்கத்தான் இருந்தது. அன்றைக்கு முழுவதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் உங்கள் படத்தைப் பார்த்து, மன்னிச்சுக்குங்க அத்தை என்று சொல்லிவிட்டு, அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். கைப்பிடி இடிக்காமல் கையைத் தாராளமாக வீச முடிந்தது. ஆசாரி வராமல் போனது இதற்குத்தானோ?

நன்மைகளை எழுதச் சொன்னார்களே, எழுதுகிறேன். முதலில் தூக்கம் வந்தது. பிறகு வயிறு சரியாயிற்று. ஒரு நாள் சோற்றுப் பானையை இறக்கும்போது இடுப்பில் கை வைக்காமல் இறக்கினேன். இறக்கி முடித்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. பஸ் படியில் ஏற யாராவது கை கொடுப்பார்களா என்று பார்ப்பது நின்றது. உட்கார்ந்த இடத்திலிருந்து எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறது. முட்டி புதிதாகிவிடவில்லை. மழை வந்தால் இன்னும் வலிக்கிறது. ஆனால் வலி இப்போது என்னை ஏவுவதில்லை.

இதில் ஒவ்வொன்றும் கைகூடும்போது முதலில் சந்தோஷமாக இருக்கும். அடுத்த நொடியே உங்கள் ஞாபகம் வந்துவிடும். பிடிக்காமல் எழுந்து நின்ற அன்றைக்கு, இதே நாற்காலியிலிருந்து நீங்கள் எழுவதற்கு ஜன்னல் ஓரச் சுவரைப் பிடித்த அடையாளம் கண்ணில் பட்டது. சுண்ணாம்பில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று உங்கள் மகன் சொன்னார். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

அப்போதெல்லாம் எனக்கு இருந்தது சாதாரண வருத்தம்தான். இது அப்போதே தெரிந்திருந்தால் உங்களுக்கும் செய்யச் சொல்லியிருக்கலாமே என்கிற வருத்தம். தெரியாமல் போனதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஆற்றிக்கொண்டேன். பிலோமினா பெரியம்மா வீட்டுக்குப் போகும்வரைதான் அந்த ஆறுதல்.

உங்கள் சிநேகிதி பிலோமினா உங்களுக்குப் பிறகு தனியாகிவிட்டார். ஈஸ்டர் கழிந்து கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். வாசலில்கூடக் கண்ணில் படுவதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நீங்களும் இப்படித்தானே முதலில் கோயிலை விட்டீர்கள், அப்புறம் கடைத்தெருவை விட்டீர்கள், அப்புறம் வாசலை விட்டீர்கள். அவரும் அதே வழியில் போகிறாரே, நாற்காலியில் செய்வதைச் சொல்லித் தந்து கோயிலுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கணுக்காலைச் சுழற்றிக் காட்டியதும், “இன்னாடி இது, மாவு ஆட்டறாப்பல?” என்றார். ஆனாலும் செய்தார். அவருக்கு எல்லாவற்றையும் கிண்டல் செய்துகொண்டே செய்ய வேண்டும்; உங்களுக்குத் தெரியாததா? பல நாள் போனேன். கையை உயர்த்தும்போது மூச்சை விட்டுவிட்டுச் சிரிப்பார். ஒரு நாள் கட்டிலைப் பிடிக்காமல் எழுந்து நின்றுவிட்டார். நின்ற இடத்திலேயே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கேட்டேன்.

“பெரியம்மா, ஞாயித்துக்கெழம பூசைக்கு வாங்களேன்.”

“முட்டி போட முடியாதவ அங்க வந்து இன்னா பண்றது?”

“சேர்ல உக்காருங்க.”

“எந்த சேர்ல? பென்ஷன் வரிசையிலயா?” என்று என்னைப் பார்த்தார். “பேரு வெச்ச மவராசியே வந்து கூப்புட்றியே!”

எனக்குச் சுருக்கென்றது. கோயிலில் எல்லோரும் தரையில் பாய் விரித்து உட்கார, முடியாதவர்களுக்கு அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவார்களே, அதற்குப் பென்ஷன் வரிசை என்று பெயர் வைத்தது நான்தான். எப்போதோ சிரிப்புக்குச் சொன்னது. ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

“அது ஏதோ தமாஷுக்குச் சொன்னது பெரியம்மா.”

“தமாஷுதான். உங்க மாமியாருகிட்ட நான் எத்தினியோ வாட்டி சொன்னேன். ஆரோக்கியம், ரெண்டு பேரும் சேர்ல குந்திக்கலாம் வாடின்னு. அது இன்னா சொல்லிச்சு தெரியுமா? ‘வேணாம் பிலோமி. எம்மருமவ, எங்க அத்த இந்த வயசுலயும் முட்டி போடும்னு ஊர்பூரா பெருமையா சொல்லிக்கினு கீது. நான் போயி சேர்ல குந்துனா அது மூஞ்சி சுருங்கிப் பூடும்’னிச்சு. அப்பால கோயிலுக்கே வர்ல.”

அத்தை, நான் அங்கே என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நடந்து வீட்டுக்கு வந்ததும் நினைவில்லை.

ஆனால் மற்றது எல்லாம் நினைவுக்கு வந்தது. ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் கேட்பீர்கள். பிரசங்கம் இன்னா? யாரு யாரு வந்தாங்க? கடைசியாக, கொஞ்சம் தயங்கி, “சேருல யாரு குந்துனாங்க?” ஒவ்வொரு வாரமும் இந்தக் கேள்வி. ஊர் வம்பு என்று நினைத்துக்கொண்டேன். நானும் சளைக்காமல் பதில் சொன்னேன். “அந்த அம்மா இருக்கே, ராகி மில்லுல கேப்பை மூட்டை தூக்குது, கோயிலுக்கு வந்தா மட்டும் சேர் கேக்குது” என்றேன். நீங்கள் “அப்பிடியா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். என்னிடம் நீங்கள் ஒரு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் வாராவாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திட்டியிருந்தால், பட்டினி போட்டிருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் தெரியும். புகழ்ந்ததை எப்படிச் சொல்வது? போய் முழந்தாளிட முடியாமல் நின்றுகொண்டே சொன்னேன். ஃபாதர் முழுவதையும் கேட்டார். பிறகு, “அவங்களுக்குச் செய்ய முடியாதத யாருக்குச் செய்ய முடியும்னு பாருங்கம்மா” என்றார். வீட்டுச் செலவை ஒன்று விடாமல் எழுதுகிறவள் என்று என்னை நீங்கள் மெச்சுவீர்கள். உங்கள் முழங்காலை என் பெருமையில் வரவு வைத்ததை நான் எழுதவே இல்லையே, அத்தை.

உங்கள் மகனிடம் சொன்னேன். அவர், “அம்மாவும் வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்” என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரியும். ஆனால் ஊர்பூரா பெருமை பேசுகிறவளிடம் எப்படிக் கேட்பது? கடைசியில் உங்களைக் கொண்டுபோனது நெஞ்சில் இறங்கிய சளிதான், முட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போது டாக்டர் சொன்னார். இருக்கட்டும். ஆனால் அதற்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமைகள்? மைக் சத்தத்துக்கு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நீங்கள் பதில் ஜெபம் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள்? அவற்றை எந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் கேட்பேன்?

இன்றைய சேதிக்கு வருகிறேன். உங்கள் வருஷப் பூசைக்கு வரச் சொல்லி நேற்று பிலோமினா பெரியம்மாவைக் கூப்பிட்டேன். “ஆரோக்கியத்துக்கு வூட்டுலயே ஒரு ஜெபமால சொல்லிக்கிறேன், நீ போ” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. “நான் சேர்லதான் உக்காரப்போறேன் பெரியம்மா. என் பக்கத்துல ஒண்ணு காலியா இருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் கோயிலுக்குள் நுழைந்ததும் வழக்கமான என் இடத்தில், முன்வரிசையில் பெண்கள் பாய் விரித்து வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி அந்தோணியார் பக்கம் நடந்தேன். அந்தப் பத்தடி தூரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகெல்லாம் கண் முளைத்த மாதிரி இருந்தது. தரையில் இருந்து ஒருத்தி திரும்பி, “இன்னா செலினக்கா, பென்ஷன் வந்துட்ச்சா?” என்றாள். நாலு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

“வந்துட்ச்சும்மா. உனக்கும் ஒரு எடம் புடிச்சி வெக்கட்டுமா?” என்றேன். சொல்லும்வரை கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டுக் கேட்டு நான் கொடுக்காத பதில் அதுதான்.

வாசகம் முடிந்தது. பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. பிரசங்கத்தின் நடுவில் லில்லி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனாள். எங்கே போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். காணிக்கைப் பாட்டு முடிகிற நேரத்தில் வாசலில் ஆட்டோ சத்தம். லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல வெள்ளைச் சேலை கட்டி, பிலோமினா பெரியம்மா வந்தார். என் பக்கத்தில் நாற்காலியின் முன்பாதியில், பாதம் இரண்டையும் தரையில் பதித்து, சொல்லித் தந்தபடியே உட்கார்ந்தார்.

“உன் நாத்தனாரு பேஜாரு தாங்க முடியலடி” என்று என் காதில் சொன்னார். “நான் ஒண்ணும் உனக்காவ வர்ல.”

ஃபாதர் அப்பத்தை உயர்த்த, எழுந்தேற்ற மணி அடித்தது. கோயில் முழுவதும் முழந்தாளிட்டது. நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு பேரும் கீழே தாழ்ந்தபோது பீடம் எங்களுக்கு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. முழந்தாளிட்டிருந்த காலத்தில் நான் என் முட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது புரிந்தது. இன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். பெரியம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, “இங்க குந்தினா நல்லாத்தான்டி தெரியுது. அந்த ஆரோக்கியம் பாவி, பாக்காமலே பூட்டா” என்றார்.

ஆமாம் அத்தை. நீங்கள் பார்க்கவே இல்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள், எனக்கு லேசாகிவிடும். கொஞ்ச காலம் அது கனமாகவே இருக்கட்டும்.

பூசை முடிந்ததும், சேர் கேட்கிற அம்மா என்று நான் சொன்னேனே, ராகி மில்லுக்காரம்மா, அவர் தயங்கித் தயங்கி வந்து, அந்தக் காலை நீட்டுகிற பயிற்சியைத் தனக்கும் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். மூட்டை தூக்கித் தூக்கி முட்டி போய்விட்டதாம். இது எனக்கு இத்தனை வருஷம் தோன்றவே இல்லை, பாருங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் கூடத்தில் ஆரம்பிக்கிறோம். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்காமல் இருக்கச் சுவரோடு போட்டுக் காலடியில் சாக்கு விரிக்க வேண்டும். பெரியம்மா மேற்பார்வையாம், அவரே சொல்லிக்கொண்டார்.

சற்று முன் உங்கள் மகன் வந்து, “கிளியனூர் பக்கம் போறேன், இந்தச் சேருக்குக் கைப்பிடி வெச்சிக் குடுக்கச் சொல்லட்டா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அத்தை, ஒரு வாக்கு தருகிறேன். யாருடைய வலியையும் இனி நான் மெச்ச மாட்டேன். யாராவது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால், பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்ததும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, சேரில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று நீங்கள் கேட்காமலே சொல்வேன். இன்றைக்கு பிலோமினா பெரியம்மா உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

நீங்கள் ஒருநாளும் மருமகளே என்று கூப்பிடாமல் மவளே என்றே கூப்பிட்ட,
உங்கள் செலின்,
திண்டிவனம்.